புதுப் பெட்டியில் பழைய பொருள்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, திருவள்ளூரைக் கடந்து திருத்தணியை நோக்கிச் செல்வோர் இடைவழியிற் காணும் ஊர் கனகம்மாசத்திரம். சத்திரம் என முடியும் ஊர்ப்பெயர்கள், கால்நடையாகவும் வண்டியிலும் வந்தோர் தங்கி இளைப்பாறிய அறநிலையங்களை நினைவூட்டுவன. திருத்தணி வட்டாரம் 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று ஆந்திர மாநிலத்தினின்று பிரிந்து, அந்நாளைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை அணித்தாயிருத்தலின் இப்பகுதிக் கடைகளிலே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். சுற்றுப்புறச் சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் பயிராகின்றன. அவ்வூர்களில் வாழும் உழவர்க்கும் வீடு கட்டுவோர்க்கும் வேண்டிய ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு, குழாய், மின்கம்பி, சிமெண்டு, நீரேற்றும் மோட்டார் ஆகிய அனைத்தும் சாலையோர ஊர்களின் இரும்புக்கடைகளிலேதான் கிடைக்கும்.

இரும்புக்கடை மற்றக் கடைகளைப் போன்றதன்று. காய்கறி வாங்குவோர் முகர்ந்தும் தொட்டும் பார்த்து வாங்குவர். துணி வாங்குவோர் விரித்துப் பார்ப்பர். இரும்புக்கடையிலோ பொருளின் குணம் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கிறது. பெட்டியினுள் இருக்கும் மோட்டாரின் கம்பிச்சுற்று புதியதா, ஒருமுறை எரிந்து மீண்டும் சுற்றப்பட்டதா என்பதைக் கடைமுகப்பில் நின்று கண்டறிதல் அரிது. ஆதலின் இங்கே வாங்குவோன் பொருளுக்கு மட்டுமன்றி, விற்போனது சொல்லுக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றான்.

அவ்வட்டாரத்து உழவர் ஒருவர் கோடை முற்றிய காலத்திலே தம் கிணற்றுக்குப் புதிய மோட்டார் ஒன்று வாங்கினார் எனக் கொள்க. கரும்பு முழங்காலளவு வளர்ந்து நிற்கின்றது. தண்ணீர் பாய்ந்து பத்து நாளாயிற்று. கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், வண்ணம் பளபளக்கின்றது. வீட்டிற்குக் கொண்டுவந்து பொருத்த முற்படும்போது, ஊர்ப் பழுதுபார்ப்பவர் அதை உற்று நோக்கித் தலையை அசைக்கின்றார். திருகாணிகளின் தலையில் திருப்புளி பட்ட கீறல்கள் உள்ளன. பெயர்த்தகட்டில் பொறித்த எண் ஒன்றாகவும், பெட்டியின்மேல் அச்சிட்ட எண் வேறொன்றாகவும் இருக்கின்றன. வண்ணத்தை நகத்தாற் சுரண்டினால் அடியில் பழைய வண்ணம் தெரிகின்றது. உறுதியளிப்புச் சீட்டைப் பெட்டியில் தேடினால் அது காணப்படவில்லை. இரண்டே நாளில் அம்மோட்டார் சூடேறி நின்றுவிடுகின்றது. பணத்தை இழந்தது பெரிதன்று. பயிர் வாடுவதுதான் பெரிது. கடன் வாங்கி நட்ட கரும்புக்கு மறுபடி ஒரு மோட்டார் வாங்கப் பணம் ஏது?

மின்சாரப் பொருள்களில் இழப்பு இன்னும் கொடியதாகும். மின்னொழுக்கு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் தானே துண்டித்து உயிர் காக்கும் சாதனங்கள் உண்டு. பயன்பட்டுத் தேய்ந்த அத்தகைய சாதனத்தைத் துடைத்துப் புதியதென்று விற்பவன், பிறருடைய உயிரையே விலை பேசுகின்றான் எனலாம்.

எனினும், பழைய பொருள் புதுப் பெட்டிக்குள் நுழைவது எப்போதும் திட்டமிட்ட வஞ்சகத்தால் அன்று. ஒருவர் ஒரு குழாயை வாங்கிச் சென்று பொருத்திப் பார்க்கின்றார், அளவு பொருந்தவில்லை, மறுநாள் திருப்பித் தருகின்றார். கடைக்காரர் நயத்துக்காக அதனை ஏற்றுக்கொண்டு, மீண்டும் பெட்டியிலிட்டு அடுக்கில் வைத்துவிடுகின்றார். உள்ளிருந்த இரப்பர் வளையம் முதலில் வாங்கியவர் வீட்டிலேயே விழுந்து கிடக்கின்றது. அடுத்த கிழமை அதே பெட்டி வேறொருவர் கைக்குச் செல்கின்றது. புரியில் முன்னே சுற்றிய நாடாவின் துணுக்கும், உப்புநீரின் வெண்படிவும் அவருக்குக் காட்சி தருகின்றன. இங்கே பொய் சொன்னவர் எவருமிலர். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டவர் மட்டுமே உளர். ஒருமுறை பயன்பட்ட பொருளை, அஃது அத்தகையதென்று எழுதி ஒட்டி, விலையைக் குறைத்து விற்பதிற் குற்றம் ஏதுமில்லை. ஏழை உழவர் பலர் அதனை விரும்பியே வாங்குவர். குற்றம் முழுவதும் அந்த மௌனத்திலேயே இருக்கின்றது.

குறையுள்ள பொருளை நிறைபொருளாக விற்றல் இதற்கு உடன்பிறந்த தீமையாகும். மூன்று சாவி இருக்கவேண்டிய பூட்டில் இரண்டே இருக்கும். அந்த மூன்றாவது சாவி எவர் கையில் இருக்கின்றதோ என்னும் அச்சம் பூட்டியவரைத் தூங்கவிடாது. வீட்டு மின்கம்பிச் சுருள் வழக்கமாகத் தொண்ணூறு மீட்டர் நீளமுடையது. இடையிலே சில மீட்டர் வெட்டி விற்றுவிட்டு, எஞ்சியதை முழுச் சுருள் என்று கொடுப்பின், பொருத்துபவர் கடைசி அறைக்கு வரும்போதுதான் கம்பி போதாமை தெரியவரும். சிலவகைக் கம்பிகளில் மீட்டர் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதால், முதலையும் முடிவையும் பார்த்தே நீளத்தைக் கணக்கிடலாம்.

கட்டடக் கம்பியின் எடையைக் கண்டறிய மாணவர்க்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89 கிலோகிராம் வரும். முழுக்கம்பி ஒன்றின் நீளம் 12 மீட்டர். ஆகவே அதன் எடை ஏறக்குறைய பத்தே முக்கால் கிலோகிராம் இருத்தல் வேண்டும். சிறிது கூடுதல் குறைவுக்குத் தரவிதிகளே இடந்தருகின்றன. ஆனால் 12 மில்லிமீட்டர் என்று சொல்லி எண்ணிக்கையால் விற்ற கம்பி, தராசிலே ஒன்பது கிலோகிராமே காட்டுமாயின், அக்கம்பி சொல்லிய பருமன் உடையதன்று. அதைத் தாங்கி நிற்கவேண்டிய கூரையோ விற்றவர் வீட்டுக் கூரையன்று.

சிமெண்டு தோற்றத்தில் முதுமை காட்டாத பொருள். காற்றின் ஈரத்தையே குடித்து மூட்டைக்குள்ளேயே இறுகத் தொடங்கும் இயல்பு அதற்குண்டு. மூட்டையின்மேல் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று திங்களுக்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதித்துப் பார்த்தே பயன்படுத்தவேண்டும் என்பது கட்டடக் கலையினர் கொண்ட விதி. விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் உள்ள சிமெண்டைச் சலித்து வேறு மூட்டையில் நிரப்பித் தந்தால், வாங்குவோர் அறிவது எங்ஙனம்? தைத்த வாயைப் பார்த்து, மூட்டையின் எடை ஐம்பது கிலோகிராம் உள்ளதா என நிறுத்துப் பார்ப்பதே வழி.

இத்தகைய வஞ்சம் இக்காலத்தே தோன்றியதென எண்ணுதல் கூடாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ வந்த பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் வாணிகம் நடத்தினர் என்று கூறுகின்றது. அதனைத் தனிச்சிறப்பாக எடுத்துச் சொல்லவேண்டியிருந்தமையாலேயே, அங்ஙனம் செய்யாத வணிகரும் அந்நாளில் இருந்தனர் என்பது பெறப்படும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதனினும் வெளிப்படையாகப் பேசுகின்றது. (தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஏட்டுச்சுவடியிலிருந்தே மைசூர்ச் சாமசாத்திரியார் 1909-இல் அந்நூலை அச்சேற்றினார் என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்கது.) அந்நூல், பழம்பொருளை விற்போர் அது தமக்கே உரியதென மெய்ப்பித்த பின்னரே விற்கலாம் என விதிக்கின்றது. மேலும் மரம், இரும்பு போன்ற உலோகம், கயிறு, தோல் ஆகியவற்றில் தாழ்ந்ததை உயர்ந்ததென்று விற்றால் விலையைப்போல் எட்டு மடங்கு தண்டம் எனவும் கூறுகின்றது. அவ்விதியில் இரும்புக்கடைச் சரக்குகளே முன்னிற்கின்றன.

இங்கிலாந்தின் பழைய வழக்குமன்றங்களோ வேறு கொள்கை கொண்டிருந்தன. 1603-ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்ற வழக்கொன்றில், பொற்கொல்லன் ஒருவன் ஒரு கல்லைக் காட்டி, நஞ்சை முறிக்கும் அரிய கல் இதுவே என்று சொல்லி நூறு பவுனுக்கு விற்றிருந்தான். அஃது அக்கல் அன்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயினும் விற்றவன் அதற்கு உறுதி கூறவில்லை, வாயாற் சொன்னது மட்டும் போதாது என்று நீதிபதிகள் வாங்கியவனைக் கைவிட்டனர். வாங்குவோனே விழித்திருக்கவேண்டும் என்னும் அக்கொள்கை, 1930-ஆம் ஆண்டு இந்தியப் பொருள் விற்பனைச் சட்டத்திலும் இடம்பெற்றது. எனினும், சொல்லிய விவரத்தோடு பொருள் ஒத்திருக்கவேண்டும் என்பது போன்ற காப்புகளையும் அச்சட்டம் சேர்த்தே அளித்தது.

காலப்போக்கில் தராசின் முள் வாங்குவோர் பக்கம் சாயலாயிற்று. 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, வாங்குவோர்க்குரிய நான்கு உரிமைகளைத் தம் நாட்டுப் பேரவைக்கு எடுத்துரைத்தார். பொருளைப் பற்றி அறியும் உரிமை அவற்றுள் ஒன்று. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் இயற்றப்பெற்ற 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. மீண்டும் செப்பனிட்டதும், பிறர் பயன்படுத்தியதும், பழையதுமாகிய பொருளைப் புதியதென்று காட்டுதல் நேர்மையற்ற வாணிக முறையாகும் என இரு சட்டங்களும் வெளிப்படையாகவே கூறுகின்றன. பட்டியல் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் புதிய சட்டத்தின்படி அவ்வகைக் குற்றங்களே. காலக்கெடு பட்டியலில் குறிக்கப்படாவிடின் முப்பது நாள் என்பது கணக்கு. ஆதலின் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடைச்சுவரில் தொங்கும் பலகையைக் கண்டு, குறையுள்ள பொருளை வாங்கியவர் அஞ்சவேண்டுவதில்லை.

இச்சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கோவாவில் ஒருவர் 2011-ஆம் ஆண்டில் செய்த புதிய கார் என்று விலை கொடுத்தார். அவருக்கு வந்ததோ 2009-இல் செய்யப்பட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார். அதன் அடிப்பகுதியில் துருவும் ஏறியிருந்தது. மாவட்ட மன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் உச்ச நீதிமன்றம், விற்ற முகவரின் செயலைக் காரைச் செய்த நிறுவனம் அறிந்திருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை எனக்கூறி, அந்நிறுவனத்தை மட்டும் பொறுப்பினின்று விடுவித்தது. செய்தவரும் விற்றவரும் வேறானபோது, இன்னார் இன்னது செய்தார் என்று முறையீட்டிலேயே தெளிவாக எழுதவேண்டும் என்பது இவ்வழக்கால் விளங்கும்.

இனி, அவ்வுழவர் செய்யத்தக்கது யாது? மோட்டாரைக் கழற்றாமல், எண் பொறித்த தகட்டையும் பெட்டியையும் ஒருங்கே படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும். பட்டியலில் பொருளின் பெயரோடு அதன் எண்ணும் எழுதப்பட்டிருப்பின் வழக்கு பாதி முடிந்ததாகக் கொள்ளலாம். துண்டுத்தாளில் தொகையை மட்டும் கிறுக்கி வாங்கிவந்திருப்பின் இடர்ப்பாடுதான். வரி மிச்சமாகும் என்னும் ஆசை காட்டியே அத்தாள் கொடுக்கப்படுகின்றது. முதலில் கடைக்காரருக்கு எழுத்து வாயிலாகத் தெரிவித்தல் நன்று. நல்ல கடைக்காரர் பலர் அந்நிலையிலேயே பொருளை மாற்றித் தருவர். இசையாராயின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். திருவள்ளூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடலாம். வழக்கறிஞர் வேண்டுவதில்லை, தாமே எழுதலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் உரூபாய்க்குட்பட்டதாயின் கட்டணமும் இல்லை. இரண்டாண்டுக்குள் முறையிடல் வேண்டும். மூன்று திங்களில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் கூறினும், நடைமுறையில் காலம் நீளுவது உண்டு. காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

எல்லைப்புறத்தார்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. முன்னைய சட்டத்தின்படி, பெரும்பாலும் கடைக்காரர் இருக்கும் இடத்தை நோக்கியே முறையிடுவோர் செல்லவேண்டியிருந்தது. இப்போது தாம் வாழும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நகரியிலிருந்து கனகம்மாசத்திரத்துக்கு வந்து பூட்டு வாங்கிச் சென்றவர், அதன் பொருட்டு மாநில எல்லையைக் கடந்து நடையாய் நடக்கவேண்டுவதில்லை.

முறையீட்டை எழுத்தில் வடிக்கும் வழக்கம் மிகப் பழையது. இன்றைய ஈராக்கு நாட்டிலுள்ள ஊர் என்னும் தொல்நகரில் வாழ்ந்த ஈயா-நாசிர் என்ற செம்பு வணிகனுக்கு, நன்னி என்பவன் கி. மு. 1750 அளவிலே களிமண் ஏட்டில் ஒரு கடிதம் பொறித்து அனுப்பினான். அவ்வேடு இன்று இலண்டனில் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. நல்ல செம்புக் கட்டிகள் தருவதாகச் சொன்ன வணிகன், தாழ்ந்த கட்டிகளைத் தன் ஆளின் முன் வைத்து, வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையேல் போ என்று இழிவாகப் பேசிவிட்டான் என்றும், பகைநாட்டைக் கடந்து சென்ற தன் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினர் என்றும் நன்னி அதில் குமுறுகின்றான். இனித் தன் முற்றத்திலேயே ஒவ்வொரு கட்டியாகத் தானே பார்த்துத் தெரிந்தெடுப்பதாகவும், ஆகாததைத் தள்ளிவிடும் உரிமை தனக்கு உண்டெனவும் அவன் அவ்வணிகனுக்கு அறிவிக்கின்றான்.