அடுப்பில்லாத சமையல்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் விருந்து ஆர்டர் கிடைத்ததற்கு வாழ்த்துகள். பட்டியலில் மெக்சிகோவின் அவகாடோ மசியலான குவாக்கமோலியும் இருக்கிறது, அடுப்பே வேண்டாம், பத்து நிமிஷ வேலை என்று எழுதியிருந்தாய். பத்து நிமிஷம் என்பது சரிதான். ஆனால் குழம்பில் தண்ணீர் கூடினால் கொதிக்கவிட்டு வற்றவைக்கலாம். இதில் அந்த வசதி இல்லை. பழத்தின் பதத்திலும் சேர்க்கிற வரிசையிலும் கோட்டை விட்டால் பிறகு சரிக்கட்ட வழியே கிடையாது.

அவகாடோ மரத்தில் பழுக்காது. பறித்த பிறகுதான் பழுக்கும். மெக்சிகோவில் மிச்சோவகான் மாநிலத் தோட்டங்களில் விளைகிற ஹாஸ் ரகம் பழுக்கும்போது தோல் கறுத்துவிடும். நம் கொடைக்கானல் கீழ்மலைப் பக்கத்துப் பழங்களிலோ பல கனிந்தும் பச்சையாகவே இருக்கும். அதனால் நிறத்தை நம்பாதே. காம்புப் பக்கம் மெல்ல அழுத்திப் பார். விரலுக்கு இணங்க வேண்டும், குழியக் கூடாது. காயாக வாங்கி வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வை. வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு அதைச் சீக்கிரம் கனியவைக்கும். கனிந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்று.

பத்துப் பேருக்கு ஆறு நடுத்தரப் பழம் எடுத்துக்கொள். மெக்சிகோவில் மொல்காஹெத்தே என்ற மூன்று கால் எரிமலைக்கல் உரலில் அரைப்பார்கள். உன் வீட்டு அம்மியே போதும். பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, கல்லுப்பு இவற்றை முதலில் நசுக்கு. காரமும் மணமும் சாறாக இறங்கிய பிறகே பழத்தைச் சேர்த்துக் கட்டியும் குழைவுமாகப் பிசை. மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும். விதை நீக்கிய தக்காளித் துண்டுகள் கடைசியில். பழம் நீர்த்திருந்தால் தக்காளியே வேண்டாம்.

எலுமிச்சை சேர்ப்பது அசல் முறையா என்று யாராவது வாதாடுவார்கள். அவகாடோ, மிளகாய், தக்காளி மூன்றும் மெக்சிகோ மண்ணில் முன்பே இருந்தவை. வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் 1521இல் ஸ்பானியர் அந்நாட்டைப் பிடித்த பிறகு வந்து சேர்ந்தவை. ஆகவே அசலைத் தேடி அலையாதே. எது எதற்காகச் சேர்கிறது என்று தெரிந்து சேர். அறுத்த பழத்தில் காற்றுப் பட்டால் அதிலுள்ள நொதி வேலை செய்து கறுக்கவைக்கும். எலுமிச்சையின் புளிப்பு அதை மட்டுப்படுத்தும். கொட்டையைக் கலவையில் செருகி வைத்தால் கறுக்காது என்பார்கள். அது தொடுகிற இடம் மட்டுமே தப்பும். பிளாஸ்டிக் தாளைக் கலவையின் மேல் ஒட்டினாற்போல் அழுத்தி மூடு, காற்றுக்கு இடமிருக்காது. அதைவிட நல்லது, நசுக்கியதையும் முழுப் பழத்தையும் தனித்தனியே எடுத்துப்போய், விருந்தாளிகள் வந்த பிறகு பிசைவது.

உப்பைக் கரண்டியில் நக்கிப் பார்த்து முடிவு செய்யாதே. தொட்டுக்கொள்ளத் தரும் சோள சிப்ஸில் ஏற்கெனவே உப்பு உண்டு. அதில் தொட்டுத் தின்று பார்த்தால்தான் சரியான அளவு பிடிபடும். பழத்தை உள்ளங்கையில் ஏந்திக் கத்தியால் கொட்டையைக் கொத்தவும் கூடாது. பலகையில் வைத்துக் கரண்டியால் எடு.

இன்னொன்று. காய் கனிய நான்கைந்து நாள் பிடிக்கும். "அடுப்பில்லாத பண்டம்தானே, நாளைக்கே கொடுங்கள்" என்று கேட்பார்கள். கனிந்த பழம் கைவசம் இல்லையென்றால், முடியாது என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்