கடனுக்கு முன் சான்றிதழ்

கேள்வி: உயர்தரம் முடித்து, மாமாவின் கடையில் பிரிட்ஜ் திருத்துகிறேன். சொந்தக் கடை போட எங்கே கடன் கிடைக்கும்?
– வாசகர், புளியந்தீவு

பதில்: தம்பி, கடன் பிறகு. முதலில் உங்கள் கைவேலைக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுங்கள். அதற்கு வகுப்பில் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. வேலை செய்து பழகியவர்களுக்கு ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்றொரு வழி உண்டு. மதிப்பீட்டாளர் முன்னால் கம்பிரசர் மாற்றி, வாயுக்கசிவு பிடித்து, கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். மாமாவிடம் இன்றே அனுபவக் கடிதம் வாங்குங்கள். செய்த வேலைகளைப் படமெடுத்து வையுங்கள். நைட்டா எனும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். என்.வி.கியூ.வில் மொத்தம் ஏழு மட்டங்கள். நான்காவது வரை கைவினைச் சான்றிதழ், ஐந்தாவதும் ஆறாவதும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். சான்றிதழும் வரவுசெலவுக் கொப்பியும் கையில் இருந்தால், வங்கியில் உங்கள் பேச்சுக்குப் பெறுமதி கூடும். வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.