பலகையை மனப்பாடம் செய்யாதே

அன்புள்ள அம்மு,

சனிக்கிழமை அப்பா உன்னைக் கோல சிலாங்கூருக்குக் கண் பார்க்கக் கூட்டிப்போகிறார் என்று அம்மா போனில் சொன்னார். நீ பயந்துபோயிருக்கிறாயாம். ஊசி இல்லை, வலி இல்லை. அத்தை உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: அங்கே கெட்டிக்காரத்தனம் காட்டாதே.

நான் தோட்டத்துப் பள்ளியில் படித்தபோது கண் பார்க்கத் தாதி வந்தார். எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் எழுத்துப் பலகையில் வாசித்ததைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிட்டேன். அதன்பின் மூன்று வருடம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதினேன். எல்லாருக்கும் இப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று நம்பினேன். முதல் கண்ணாடி போட்ட அன்று செம்பனை மட்டையில் ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அங்கேயே நின்று அழுதேன்.

அந்த எழுத்துப் பலகை 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் உருவாக்கியது. 6/12 என்று எழுதினால், மற்றவர் 12 மீட்டரில் வாசிப்பதை நீ 6 மீட்டரில் நின்றால்தான் வாசிக்கிறாய் என்று பொருள். அது மதிப்பெண் இல்லை. தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்றே சொல்.

ஒரு கருவியில் முகவாயை வைக்கச் சொல்வார்கள். உள்ளே பெரும்பாலும் சாலைக்கோடியில் ஒரு பலூன் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பவர் ஏறக்குறைய எவ்வளவு என்று கருவியே கணிக்கும். பிறகு வில்லைகளை மாற்றி மாற்றி, "இதுவா, அதுவா?" என்பார்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அதையே சொல். சில சமயம், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்சம் எரியும். சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். தொப்பி கொண்டுபோ.

பாட்டிக்கு இனிப்பு நீர் இருக்கிறதே, அவருக்கு வேறு பரிசோதனை: விழித்திரையைப் படம் எடுப்பது. இனிப்பு நீரால் அங்கே இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போது பார்வையில் மாற்றம் எதுவும் தெரியாது. மங்கிய பிறகு போனால் இழந்ததை முழுவதும் மீட்பது கடினம். நம் நாட்டில் இனிப்பு நீர் இந்தியர்களிடம்தான் அதிகம். இந்த வருடம் படம் எடுத்தாரா என்று கிளினிக் புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொல்.

குலை வெட்டும்போது கண்ணில் தூசி விழுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவரையும் நாற்காலியில் உட்காரவை.

கண்ணாடிச் சீட்டைத் தொலைத்துவிடாதே. படம் எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை