மல்லிகைக்குக் கவாத்து

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துப் பழைய இல்லங்கள் பலவற்றில், கிணற்றடியிலேனும் வாயிற்படியின் அருகிலேனும் ஒரு குண்டுமல்லிகைச் செடி நிற்கக் காணலாம். அது கழுவுநீரை உண்டு கொழுத்து, ஆளுயரம் வளர்ந்து, மதிலின்மேற் சாய்ந்திருக்கும். இலையோ மிகுதி, பூவோ ஒரு கைப்பிடி. இதற்கு மண்ணையும் வெயிலையும் நோவார் பலர். உண்மையில் வெட்டாமையே குற்றம். எப்பொழுது வெட்டுவது, எவ்வாறு வெட்டுவது என்பனவற்றை, அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

வெட்டிச் சீர்செய்தலைக் கவாத்து என்பர். இது பிறமொழியினின்று வந்த சொல். படைவீரரின் அணிப்பயிற்சிக்கும் இதுவே பெயர். யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில், கனியற்ற கொடி அறுத்தெறியப்படுகின்றது. கனிதரும் கொடியோ, நம் பழைய மொழிபெயர்ப்பின்படி, ‘சுத்தம்’ பண்ணப்படுகின்றது. மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கும் தூய்மை செய்தல் என்பதே பொருள். கத்தி ஒன்று, செயல் இரண்டு என்னும் இவ்வேறுபாடு மல்லிகைக்கும் முற்றப் பொருந்தும். பட்ட கிளையை அடியோடு களைதல் வேறு. நல்ல கிளையைக் குறுக்குதல் வேறு.

நல்ல கிளையைக் குறுக்குவது ஏன்? மல்லிகை, அவ்வாண்டில் எழுந்த இளந்தளிர்களிலேயே அரும்பு கட்டும். முதிர்ந்த கட்டையில் அரும்பாது. வெட்டாத செடியின் வலிமையெல்லாம் பழங்கிளையைத் தாங்குவதிற் கழிகின்றது. அடர்ந்த உட்புறத்தில் ஒளியும் காற்றும் புகாமையால் மொட்டுப்புழுவிற்கும் சிலந்திப்பேனுக்கும் அது நல்ல புகலிடமாகின்றது.

காலத்தை நம்மூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர். குண்டுமல்லிகைக்கு நவம்பர் இறுதிவாரம். சாதிமல்லிகைக்கு டிசம்பர் இறுதிவாரம். முல்லைக்கு ஜனவரி இறுதிவாரம். குண்டுமல்லிகையை நிலத்தினின்று 50 செ.மீ. உயரத்திலும், மற்றை இரண்டையும் 45 செ.மீ. உயரத்திலும் வெட்டுதல் வேண்டும். முழங்கால் உயரம் என்று நினைவிற் கொள்வது எளிது. இடர் யாதெனின், குளிர்காலத்திலேயே பூவின் வரவு குறைந்து, மேட்டுப்பாளையம் சாலைப் பூ அங்காடியில் விலை ஏறிநிற்கும். கிளையில் எஞ்சிய நாலு பூவை எண்ணிக் கத்தியை ஒளித்துவைப்பவர், சித்திரையில் நானூறு பூவை இழப்பர்.

வெட்டுதற்கு இரு வாரங்களுக்கு முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்துக. மழை ஓயாதிருப்பின் வெட்டும் நாளைச் சற்றுத் தள்ளுதல் நன்று. பட்டன, நோயுற்றன, ஒன்றன்மேல் ஒன்று உராய்வன, நூல்போல் மெலிந்தன ஆகியவற்றை முதலிற் களைக. பின்னர், எஞ்சியவற்றைக் கணுவிற்குச் சற்று மேலே, கூரிய கத்தியால் ஒரே வீச்சில் சாய்வாக வெட்டுக. மழுங்கிய அரிவாள் தண்டைக் கிழிக்கும். கிழிந்த தண்டு அழுகும். நோயுற்ற கழிவைச் செடியடியில் விடலாகாது. அடிமண்ணைக் கொத்தி, செடியொன்றுக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு, பிறகு நீர் விடுக. நட்டு ஓராண்டு நிரம்பாத கன்றுக்கு இத்துணைக் கடுமை வேண்டா.

பாரி வள்ளல் முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று வகுப்பிற் படிக்கின்றோம். பல்கலைக்கழகத்தார் தாம் வெளியிட்ட ஒரு முல்லை வகைக்குப் பாரிமுல்லை என்றே பெயர் சூட்டினர். ஆயினும் அதற்குத் தேர் ஈயாது கத்தியே ஈகின்றனர். பாரி கேட்டிருப்பின் வருந்தியிருப்பான்.

இவையெல்லாம் நான் பிழைசெய்தே கற்றவை. எங்கள் கிணற்றடி மல்லிகை, காலஞ்சென்ற அம்மாயி நட்டது. ஈராண்டுகளுக்கு முன், உயிர்த்தெழுந்த திருநாளுக்குத் தோட்டத்தைத் திருத்துவதாக எண்ணி, ஏப்ரலில், அரும்பு கொண்ட கிளைகளையெல்லாம் தறித்துவிட்டேன். அப்பருவம் முழுதும் பூ இல்லை. அன்னையார் ஒன்றும் கடிந்திலர், அதுவே கடிதாயிருந்தது. சென்ற நவம்பரில் முறையாக வெட்டுதற்கு நான் கத்தியுடன் சென்றபோது, “வேண்டாங் கண்ணு, எங்கம்மா வெச்ச செடி, பட்டுப்போயிடும்” என்று குறுக்கே நின்றார். நெடுநேரம் எடுத்துரைத்தபின் விலகினார். ஆயினும் நான் வெட்டுங்கால் அங்கே நிற்கவில்லை.

மூன்று வாரம் வெறுங்கட்டைகளே நின்றன. நாள்தோறும் சென்று பார்ப்பேன். அவரும் நான் காணாவாறு சென்று பார்த்தார் என்பதை ஈரமண்ணில் இருந்த அடிச்சுவட்டால் அறிந்தேன். கிறிஸ்து பிறந்த திருநாளை ஒட்டிக் கணுக்களிற் செந்நிறத் தளிர் கண்டது. மாசி இறுதியில் ஒருநாள் விடியலில், அவர் முறத்துடன் கிணற்றடிக்குச் செல்லக் கண்டேன். பறித்த மொட்டுக்களை நீர் தெளித்து ஈரத்துணியால் மூடிவைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு கார்த்திகை பிறந்ததும், அச்செடிக்கு நீர் விடுவதை அவரே நிறுத்திவிட்டார்.