பெயர் ஒன்று, வண்டி வேறு

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் இரவு அப்பா வீடு திரும்பச் சற்று நேரமாயிற்று. அவர் தில்லியில் டாக்ஸி ஓட்டுபவர். ஆத்தூரை விட்டு இங்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை பிறர் வண்டியைத்தான் ஓட்டிவருகிறார். அன்று விமான நிலையத்தில் ஒரு ஜப்பானியரை ஏற்றிக்கொண்டு குருகிராமம் வரை சென்றாராம். வழியில் ஒரு வேகன்-ஆர் முந்திச் செல்லவே, தம் ஊரில் தமக்கும் ஒரு வேகன்-ஆர் உண்டு என்று அந்தப் பெரியவர் கைப்பேசியில் படம் காட்டினாராம்.

"பேரு அதே பேருதான் கண்ணு. ஆனா வண்டி குட்டியா இருக்குது. நம்பர் பலகை மஞ்சள். அங்கயும் டாக்ஸியான்னு கேட்டேன். இல்ல, சொந்த வண்டின்னு சிரிக்கிறாரு" என்றார் அப்பா. தட்டில் இட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லக் கேட்டார்: "நல்லதெல்லாம் அவங்க வெச்சுக்கிட்டு, நமக்கு வேற ஏதோ பண்ணிக் குடுக்கிறாங்களோ?"

இது வீண்பேச்சாகக் கேட்ட கேள்வி அன்று. சேமிப்பும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து இவ்வாண்டு சொந்த வண்டி ஒன்று வாங்கிவிடவேண்டும் என்பது அவர் எண்ணம். "எம்.எஸ்ஸி. படிக்கிற, நீ சொல்லு" என்று என்னிடம் விட்டுவிட்டார். நான் பயில்வது இயற்பியல். வண்டி வணிகம் அன்று. ஆயினும் அப்பாவுக்கு அதெல்லாம் ஒன்றுதான். அவருக்காகத் தேடிப் படித்ததைச் சங்க நண்பர்களுக்கும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மஞ்சள் பலகையைப் பார்ப்போம். ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வகை வண்டி உண்டு. 'இலேசான வண்டி' என்பது அதன் பொருள். இது கம்பெனிகள் தாமாக வகுத்த வகை அன்று. அரசாங்கம் சட்டத்தால் வகுத்தது. நீளம் 3.40 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சி.சி.; இவற்றுள் எதையும் தாண்டக்கூடாது. திறன் 64 குதிரைக்கு மேல் போகாமல் கம்பெனிகள் தம்முள் ஓர் உடன்பாடும் வைத்திருக்கின்றன. இவ்வளவுக்குள் அடங்கிய வண்டிக்கு ஆண்டு வரி 10,800 யென். ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட மிகச் சிறிய சாதாரணக் காருக்கோ, 2019 அக்டோபருக்குப் பின் வாங்கியதாயின், 25,000 யென். மேலும், அந்நாட்டில் கார் வாங்குவோர் அதை நிறுத்த இடம் இருப்பதாக முன்கூட்டியே சான்று காட்டவேண்டும். பல ஊர்களில் கெய் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் அடையாளமே மஞ்சள் பலகை. நம் நாட்டில் அதே மஞ்சள் டாக்ஸிக்கு உரியது. அப்பா குழம்பியதில் வியப்பு என்ன?

சுஸுகி கம்பெனி வளர்ந்ததே இந்தச் சட்டத்தின் மடியில்தான். ஹமாமத்ஸு நகரில் 1909-இல் தறி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1955-இல் அது விற்ற முதல் கார் சுஸுலைட். அன்றைய கெய் வரம்பு 360 சி.சி. வரம்பு 1976-இல் 550 ஆகவும் 1990-இல் 660 ஆகவும் உயர, வண்டியும் உடன் வளர்ந்தது. 1993-இல் பிறந்த வேகன்-ஆரும் கெய் வண்டியே. இன்று ஜப்பானில் ஓடும் வேகன்-ஆர் 3,395 மி.மீ. நீளம், 1,475 மி.மீ. அகலம். இரண்டு அளவிலும் சட்டத்துக்கு ஐந்து மி.மீ. மட்டுமே விட்டுவைத்திருக்கிறார்கள்! 2019 முதல் இந்தியாவில் ஓடுவதோ 3,655 மி.மீ. நீளமும் 1,620 மி.மீ. அகலமும் உடையது, எஞ்சின் 998 அல்லது 1,197 சி.சி. ஏறக்குறைய ஒரு சாண் நீளம் கூடுதல். ஆக, பெரியவர் காட்டிய படத்தில் நமக்கு மறைத்துவைத்த உயர்ந்த சரக்கு ஒன்றும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்மளுதுதான் பெருசா?" என்றார். முகத்தில் ஒரு நிறைவு.

நமக்கு மட்டும் சட்டம் இல்லையா? உண்டு. 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 'சிறிய கார்' என்பதற்கு மைய அரசு ஓர் இலக்கணம் வகுத்தது. நீளம் 4 மீட்டருக்குள் இருக்கவேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள் இருக்கவேண்டும். அவற்றுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் மாற்றியமைத்த ஜி.எஸ்.டி.யிலும் இந்த இலக்கணம் நிற்கிறது: சிறிய காருக்கு 18 விழுக்காடு, பெரியதற்கு 40.

இந்த நான்கு மீட்டர்க் கோடு செய்த அறுவை மருத்துவத்துக்குச் சான்று டிசையர். ஸ்விஃப்ட் காருக்கு வால் ஒட்டவைத்து 2008-இல் அதை விற்றபோது நீளம் 4,160 மி.மீ. 2012-இல் புது வடிவம் வந்தபோது 3,995. பதினாறரை சென்டிமீட்டர் வெட்டுண்டது! வெட்டியது பின்னால், அதாவது பெட்டி வைக்கும் டிக்கியில். அந்த வண்டியின் முதுகு முடிந்தும் முடியாததுமாக நிற்பதைச் சாலையில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அழகுக்காக எந்த ஓவியனும் அப்படி வரையமாட்டான், வரித்துறை வரைந்தது.

ஸ்விஃப்ட்டின் கதை இன்னும் நுட்பமானது. ஜப்பானிலும் இந்தியாவிலும் இன்றைய ஸ்விஃப்ட்டின் நீளம் ஒன்றே, 3,860 மி.மீ. அகலம் மட்டும் இங்கே 1,735, அங்கே 1,695. ஏன் இந்த நான்கு சென்டிமீட்டர்? கெய் வகைக்கு மேலே ஜப்பானில் 'சிறு கார்' என்று இன்னொரு வகுப்பு உண்டு. அதற்கு அகல வரம்பு 1.70 மீட்டர். அவ்வரம்புக்குள் அடங்க அங்கே இடுப்பை ஒடுக்கிக்கொண்டது. நம் சட்டத்தில் அகலத்துக்குக் கணக்கே இல்லையாதலால் இங்கே தாராளமாக விட்டது.

ஃப்ரான்க்ஸ் என்னும் வண்டியில் இது தலைகீழாக நடக்கிறது. அது குஜராத்தில் செய்யப்படுவது. 2024 முதல் கப்பலேறி ஜப்பானுக்கும் செல்கிறது. ஒரே தொழிற்சாலை, ஒரே உடல். ஆனால் ஜப்பானுக்குச் செல்வதில் 1.5 லிட்டர் எஞ்சின். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் அங்கே கிடைக்கும். நமக்கு 1.2 லிட்டரும் 1 லிட்டரும் மட்டுமே. நம் வண்டியில் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்தால், நீளம் அடங்கியும், அது 'சிறிய கார்' ஆகாது. வரி 40-க்குத் தாவிவிடும். ஐந்து கதவு ஜிம்னிக்கு அதுதான் நேர்ந்தது. குருகிராமத்தில் செய்யப்படும் அவ்வண்டி நான்கு மீட்டருக்குள் அடங்கும்; ஆனால் எஞ்சின் 1,462 சி.சி. இங்கே 2023-இல் வந்தது. வாங்குவோர் கூட்டம் பெரிதாகச் சேரவில்லை. அதே வண்டி 'நோமேட்' என்ற பெயரோடு 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் ஏறத்தாழ 50,000 பேர் கேட்டுவிட்டார்கள், பதிவையே நிறுத்தவேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் அளவுகோல் நீளமும் அன்று, சி.சி.யும் அன்று, புகை. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் கரியமில வாயு சராசரியாகக் கிலோமீட்டருக்கு 95 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்று 2020-ஐ ஒட்டி ஒரு குறி வைத்தார்கள். மீறினால் கடும் அபராதம். ஜிம்னி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பின் இருக்கைகளைப் பிடுங்கி, இருவர் அமரும் சரக்கு வண்டியாக்கி, வேறு கணக்கில் சிறிது காலம் விற்றார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். இன்னொரு பக்கம், டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்கள் இரண்டை வாங்கித் தம் பெயரை ஒட்டி 'ஸ்வேஸ்', 'அக்ராஸ்' என்று விற்றார்கள். ஆப்பிரிக்காவில் இந்தப் பெயர் விளையாட்டு எதிர்த்திசையில் நடக்கிறது: இந்தியாவில் செய்த பலேனோ அங்கே டொயோட்டா ஸ்டார்லெட். அமெரிக்காவில் 2012-இலும் சீனத்தில் 2018-இலும் சுஸுகி கார்க் கடையையே மூடிவிட்டது. சிறிய கார் விரும்பாத சந்தையில் சிறிய கார் வல்லவனுக்கு என்ன வேலை?

இதுவரை சொன்னவை அப்பாவின் ஐயத்துக்கு ஆறுதலான விடைகள். ஆறுதல் தராத விடையும் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நான் படித்தது வீண்.

2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஸ்விஃப்ட்டில் காற்றுப்பை இல்லாத வகையை மோதிப் பார்த்தது. பெரியோர் பாதுகாப்பில் கிடைத்த நட்சத்திரம் சுழி. ஐரோப்பாவில் அதே பெயருடைய கார் 2010-இலேயே அங்குள்ள சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தது. இங்கே தடை செய்த சட்டம் எது? எதுவும் இல்லை. காற்றுப்பை வைக்கவேண்டும் என்ற சட்டம் இல்லாமையே காரணம். ஓட்டுநருக்குக் காற்றுப்பை இங்கே கட்டாயமானது 2019 ஜூலையில். ஓட்டுநர் என்றால் அப்பாதானே! அவர் ஓட்டிய முந்தைய வண்டிகளை நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நம் பாடம் ஒன்று உதவுகிறது. இந்திய விதிப்படி நடக்கும் முன்மோதல் சோதனையில் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். குளோபல் என்கேப் சோதனையில் 64. வேறுபாடு எட்டுத்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 64-இன் வர்க்கம் 4,096; 56-இன் வர்க்கம் 3,136. உடல் தாங்கவேண்டிய ஆற்றல் நூற்றுக்கு முப்பது மிகுதி. ஆகவே 'சட்டப்படித் தேறியது' என்பதும் 'நட்சத்திரம் பெற்றது' என்பதும் ஒன்றல்ல. நட்சத்திரத்தையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. 2024-இல் புது டிசையர் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டில் அதன் உடன்பிறப்பான ஸ்விஃப்ட்டுக்கு ஐரோப்பியச் சோதனை மூன்றுதான் கொடுத்தது. ஐரோப்பியர் மோதலோடு நில்லாமல், மோதலைத் தவிர்க்கும் கருவிகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். வேறு வேறு தேர்வின் மதிப்பெண்களை ஒப்பிடும் மாணவன் தவறிழைப்பான்.

இன்னொரு செய்தியும் கண்ணில் பட்டது. ஒரே நாட்டுக்குள்ளும் சந்தை இரண்டாகப் பிரியும். 2017-இல் சொந்த உபயோகத்துக்குப் புதிய உடலுடன் டிசையர் வந்தபோது, டாக்ஸிக்காரர்களுக்கென விற்ற 'டூர்' வகை பழைய உடலிலேயே நீடித்தது. 2023-இல்தான் அது மாறியது. விலை குறைவு என்பது அதற்குச் சொல்லும் காரணம். மஞ்சள் பலகையும் வெள்ளைப் பலகையும் ஒரே சாலையில் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன.

இவற்றையெல்லாம் தாளில் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். டிசையரே வாங்கலாம், வெள்ளைப் பலகைக்காரர் வாங்கும் உடலா என்று கேட்டு, காற்றுப்பை எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்கவேண்டும் என்றேன். ஆறு என்றால்தான் கையெழுத்து என்றேன்.

"அது சரி கண்ணு. ஆனா சி.என்.ஜி. உருளை டிக்கியில உக்காந்துக்கும். நாலு மீட்டருக்குன்னு அதையும் வெட்டிட்டாங்கன்னு நீயே சொல்ற. ஸ்டேஷன்ல ஏறுறவங்க பெட்டியை எங்க வைப்பேன்?" என்றார்.

இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை காணவில்லை. வரும் ஞாயிறு இருவரும் ஷோரூமுக்குப் போகிறோம். அளவு நாடா ஒன்றும், ஊருக்குப் போகும்போது எடுத்துச்செல்லும் பெரிய பெட்டியையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.