சென்னையில் தங்கப் போறீங்களா? வாடகையை மட்டும் கேட்காதீங்க!



மாவு அரைப்பது, பாக்கெட் போடுவது, லேபிள் ஒட்டுவது பற்றியெல்லாம் பயிற்சிகளில் நிறையப் பேசிவிட்டோம். செய்த பொருளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கண்காட்சிக்குப் போனால் ராத்திரி எங்கே தங்குவது? இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் என்ன ஆச்சு என்பதிலிருந்தே இந்த மாதப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

2023ஆம் ஆண்டு நம் கூட்டமைப்பிலிருந்து ஒரு குழுவின் நாலு பேர் சென்னைக்குப் போனார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கண்காட்சி. தெரிந்தவர் ஒருவர் லாட்ஜ் நம்பர் கொடுத்தார். போன் போட்டோம். "ரூம் 1,400 ரூபாய்" என்றார்கள். வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி, ஆக ரெண்டு ராத்திரிக்கு 2,800 என்று தீர்மான நோட்டில் எழுதி, குழுப் பணத்திலிருந்து முன்பணமும் கொடுத்தாச்சு.

வெள்ளிக்கிழமை விடியக்காலை 5:30 மணிக்கு மூட்டை முடிச்சோடு போய் நின்றால், "ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்தான்மா, ரெண்டு ரூம் எடுங்க" என்றார்கள். எடுத்தார்கள். ஞாயிறு காலை காலி செய்யும்போதுதான் அடுத்தது தெரிந்தது. அங்கே பகல் 12 மணிக் கணக்கு. வெள்ளி விடியலில் நுழைந்ததால் அந்தக் காலைப் பொழுதே ஒரு நாள். ஆக மூன்று நாள், ரெண்டு ரூம், 8,400 ரூபாய். அப்போது வரி 12 சதவீதம். எல்லாம் சேர்த்து 9,408 ரூபாய்.

அந்த மூன்று நாளில் அவர்கள் விற்றது 21,400 ரூபாய்க்கு. பொருள் செலவு, பஸ் செலவு போக சுமார் 7,000 லாபம் நிற்க வேண்டியது. அதில் 6,608 ரூபாய் எதிர்பாராமல் லாட்ஜுக்குப் போச்சு. அவர்கள் கொண்டுவந்ததோ ஒரு துண்டுச் சீட்டு. அதில் குழுவின் பெயரும் இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் யாரும் அவர்களைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே! குழுவின் ஊக்குநராக ஏழு வருஷம் இருந்த அக்கா அன்றைக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வந்த ரெண்டு கண்காட்சிக்கும் அந்தக் குழுவிலிருந்து ஒருவரும் போகவில்லை. போனில் ரெண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கேட்காதது அவர்கள் தப்பு மட்டுமல்ல, எங்கள் தப்பும்தான்.

முதலில் ஒன்று. கண்காட்சி, பயிற்சி என்று அழைப்பு வந்தவுடன், "தங்க இடம் நீங்களே கொடுக்கிறீங்களா?" என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். பல அரசுக் கண்காட்சிகளில் தங்க ஏற்பாடு செய்துவிடுவார்கள். இல்லை என்றால்தான் மேலே சொல்லப்போவதெல்லாம்.

எந்த மாதிரி இடம்?

'பிசினஸ் ஹோட்டல்' என்று போர்டு போட்டிருப்பதைப் பார்த்தால் கோட்டு சூட்டுக்காரர்களுக்கானது என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி இல்லை. வேலையாக ஊருக்கு வந்தவர் படுத்து எழுந்து, குளித்துக் கிளம்ப ஒரு சுத்தமான அறை, உள்ளேயே குளியலறை, பாதுகாப்புக்கு ஒரு வரவேற்பு மேசை, அவ்வளவுதான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தங்குகிறார், துணி வாங்க வந்த கடைக்காரர் தங்குகிறார். ஊறுகாய் விற்க வந்த நாமும் வியாபாரத்துக்கு வந்தவர்தானே?

சென்னையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, கென்னட் லேன் பக்கம் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. திருவல்லிக்கேணி, பெரியமேடு, வடபழனி, கோயம்பேடு பக்கமும் உண்டு. எது நல்லது என்று கேட்டால், நாம் போகும் வேலை எங்கே நடக்கிறதோ அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான். நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி என்றால் தாம்பரத்தில் வாடகை குறைவு என்று அங்கே தங்குவதில் அர்த்தமில்லை.

கணக்காகவே பார்த்துவிடுவோம். இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். அரங்குக்கு நடந்து போகிற தூரத்தில் நாலு பேர் அறை ஒரு நாளைக்கு 2,200 ரூபாய். 5 சதவீத வரியோடு 2,310. ரெண்டு நாளைக்கு 4,620. தூரத்தில் உள்ள லாட்ஜில் 1,500 ரூபாய். வரியோடு 1,575. ரெண்டு நாளைக்கு 3,150. அட, 1,470 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஆட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாது, மூட்டையும் இருக்கிறது. ரெண்டு ஆட்டோ. ஆட்டோவுக்கு 150 என்றாலும் ஒரு தடவைக்கு 300. வெள்ளியும் சனியும் போக வர நாலு தடவை, ஞாயிறு போக ஒரு தடவை, மொத்தம் 1,500 ரூபாய். ஆக தூரத்து லாட்ஜுக்கு ஆகும் செலவு 4,650. மிச்சமும் இல்லை, ராத்திரி 9 மணிக்குக் கடையைக் கட்டிவிட்டு ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் அவதிதான் மிச்சம்.

மூட்டை இல்லாத பயிற்சிக்குப் போனால் இந்தக் கணக்கு மாறும். 2021 மே மாதத்திலிருந்து மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அப்போது நேர் பஸ் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிக்கூடத் தங்கலாம்.

வந்து இறங்கும் இடத்தையும் கணக்கில் வையுங்கள். தென் மாவட்டத்திலிருந்து வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து எழும்பூர் 30 கிலோமீட்டருக்கு மேல். காலை 5 மணிக்கு இறங்கினாலும் லாட்ஜ் போய்ச் சேர 7 ஆகலாம். ரயிலில் வருபவர்கள் உங்கள் வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் என்ன கேட்பது?

"24 மணி நேரக் கணக்கா, 12 மணிக் கணக்கா?" இதுதான் முதல் கேள்வி. 24 மணி நேரக் கணக்கு என்றால் வெள்ளி காலை 7 மணிக்கு நுழைந்தால் சனி காலை 7 மணிவரை ஒரு நாள். 12 மணிக் கணக்கு என்றால் நீங்கள் எப்போது நுழைந்தாலும் பகல் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். "காலை 7 மணிக்கு வருவோம், அதற்குத் தனியா எவ்வளவு?" என்று நேரத்தைச் சொல்லியே கேளுங்கள். சில இடத்தில் அரை வாடகை, சில இடத்தில் முழு வாடகை, அறை காலியாக இருந்தால் சும்மாவும் விடுவார்கள். அதேபோல் கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டு, ராத்திரி பஸ் ஏறும்வரை பையை வரவேற்பில் வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் வாடகை மிச்சம்.

"ஒரு அறையில் எத்தனை பேர்? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? கைக்குழந்தைக்குக் காசு உண்டா?" என்று கேளுங்கள். நாலு பேர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து, அங்கே போய்ச் சொன்னால் நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

"வரி சேர்த்தா, சேர்க்காமலா?" 2022 ஜூலை 18க்கு முன்பு 1,000 ரூபாய்வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி வரி கிடையாது. அன்றிலிருந்து சின்ன அறைக்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரையிலான அறைக்கு 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. யாராவது பழைய 12 சதவீதம் போட்டால் கேள்வி கேட்கலாம். ஜிஎஸ்டி எண் இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

பிறகு லிஃப்ட் இருக்கிறதா, மூட்டையோடு எந்த மாடி, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். இதெல்லாம் சில்லறைக் கேள்வி போலத் தெரியும். ராகி மாவு 40 கிலோவை மூன்றாம் மாடிக்குத் தூக்கியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

நெட்டில் கிடைக்கும் லாட்ஜ் நம்பர் எல்லாம் உண்மையல்ல. ஹோட்டல் பெயரில் போலி நம்பர் போட்டு, "முன்பணம் அனுப்புங்க" என்று கியூஆர் கோடு அனுப்பி ஏமாற்றுகிறார்கள். முன்பு தங்கியவரிடம் நம்பர் வாங்குவதே நல்லது. செல்போன் செயலியில் பதிவு செய்தால் 'அங்கே போய்ப் பணம் தருகிறேன்' என்ற வசதி இருக்கிறதா, ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று பாருங்கள். அதில் உள்ள படங்களை அப்படியே நம்ப வேண்டாம், கலியாண ஆல்பம் மாதிரிதான் அவை.

லாட்ஜ் என்ற சொல்

இதையும் பேசத்தான் வேண்டும். வெளியூர் போக ஆள் கேட்டால் "மாடு கன்னைப் பார்க்க ஆளில்லை", "பிள்ளைக்குப் பரீட்சை" என்று காரணம் வருகிறது. தனியாக உட்கார்ந்து பேசினால்தான் உண்மை வெளியே வரும்: "லாட்ஜ்ல தங்கினான்னு ஊர்ல பேசுவாங்க அக்கா." இது சின்ன விஷயமில்லை. நன்றாக விற்கத் தெரிந்த பெண்கள் இதனாலேயே ஊரைத் தாண்டாமல் இருக்கிறார்கள்.

ஊர் வாயை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். போகிறவர்கள் யார், எந்த இடம், அறை எத்தனை, எத்தனை நாள் என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். லாட்ஜின் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொருவர் வீட்டிலும் கொடுங்கள். மாமியார் போன் பண்ணி விசாரித்தால் பண்ணட்டுமே. மறைக்காமல் செய்வதைப் பற்றிப் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

சில இடங்களில் "ஆம்பளை யாரும் வரலையா?" என்று வரவேற்பிலேயே கேட்பார்கள். ஆண் துணை இல்லாமல் பெண்கள் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அடையாள அட்டையையும் குழுவின் கடிதத்தையும் எடுத்து வையுங்கள். அப்படியும் இழுத்தடித்தால் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். நம்மை மதிக்காத இடத்தில் ராத்திரி தூக்கம் வராது. அதனால்தான் இரண்டாவதாக ஒரு லாட்ஜ் நம்பரும் கையில் இருக்க வேண்டும் என்கிறோம்.

தங்கும் ஒவ்வொருவரின் அசல் அடையாள அட்டையும் வேண்டும். ஆதார் நகல் கொடுத்தால், அதன் மேல் 'தங்குவதற்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரும் இருக்கிறது. இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். உள்தாழ்ப்பாள் விழுகிறதா, குளியலறைத் தாழ்ப்பாள் சரியா, ஜன்னல் மூடுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். படுக்கை விரிப்பு அழுக்காக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் திறக்காமல், வரவேற்புக்குப் போன் செய்து கேளுங்கள். அவசரம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. நாலு பேர் போனிலும் இந்த எண்கள் இருக்கட்டும், ஒருவர் போனில் மட்டும் இருந்தால் அவர் கடையில் இருக்கும்போது மற்றவர் என்ன செய்வார்?

அறைக்குள் ஸ்டவ் வைத்துச் சமைக்க விட மாட்டார்கள். தீப்பிடிக்கும் என்பதால் அது நியாயம்தான். முதல் நாளைக்குப் புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போங்கள். மறுநாளுக்குப் பக்கத்தில் மெஸ் இருக்கும். லாட்ஜ்க்காரர் அறைக்கே வரவழைத்துத் தருகிறேன் என்றால் விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பில்

காலி செய்யும்போது பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பில் வாங்காமல் ஓடிவராதீர்கள். பில் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். நுழைந்த தேதி, நேரம், காலி செய்த தேதி, நேரம், அறை எண், வாடகை, வரி, கொடுத்த முன்பணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தலைமாட்டிலேயே நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் இருந்தால் கூட வந்தவர் உரக்கப் படிக்கட்டும், இதில் வெட்கமில்லை. ஆட்டோவுக்குப் பில் கிடைக்காது. அதற்கு அன்றன்றைக்கே ராத்திரி வவுச்சர் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மூன்று நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நாலு பேருக்குள்ளேயே சண்டை வரும்.

ஊர் திரும்பியதும் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க. அங்கே நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் தங்கிய இடத்தின் பெயர், போன் நம்பர், எந்த மணிக் கணக்கு, என்ன வாடகை கொடுத்தீர்கள், வெந்நீர் எப்போது வந்தது, அங்கிருந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்களா என்று எழுதி வையுங்கள். மோசமான இடமென்றால் அதையும் எழுதுங்கள். இதுவரை ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் இருப்பது, 2023இல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாரே, அந்த அக்காவின் கையெழுத்து.