பஸ் ஏற்றி அனுப்பினால் போதுமா? கொத்தடிமை மீட்பில் விடுவிப்புச் சான்றிதழின் பங்கு

ஒரு செங்கல் சூளையிலிருந்து ஒரு குடும்பம் மீட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அதிகாரிகள் வந்ததும் முதலாளி, "இனிமே யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன் சார்" என்கிறார். குடும்பத்தை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று மாதம் கழித்து மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறார். "வாங்கின அட்வான்ஸ் அப்படியே நிக்குதே, எப்ப வர்றீங்க?" வீட்டில் அரிசி இல்லை. குடும்பம் மறுபடியும் அதே சூளைக்குப் போகிறது.

இதில் தவறு எங்கே நடந்தது? மீட்டதில் இல்லை. மீட்கப்பட்டவர்களின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் அனுப்பியதில்தான். அதன் பெயர் விடுவிப்புச் சான்றிதழ். அது ஏன் அவ்வளவு முக்கியம், நீங்கள் எப்படி உதவலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

எது கொத்தடிமை?

கையில் விலங்கு, கதவில் பூட்டு இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைக்க வேண்டாம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம், 1976-ன்படி, கடன் அல்லது முன்பணத்துக்காக வேலை செய்பவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலே போதும்:

• கூலி இல்லை, அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவு.
• வேறு இடத்துக்கு வேலைக்குப் போக விடுவதில்லை.
• நல்லது கெட்டதுக்குக்கூட விருப்பப்படி வெளியே போக முடியாது. போனாலும் வீட்டில் ஒருவரை அங்கேயே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.
• தன் உழைப்பையோ, செய்த பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாது.

"அவங்களா வந்துதானே சார் அட்வான்ஸ் வாங்கினாங்க?" என்று முதலாளி கேட்பார். அது செல்லாது. ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ ஆளைக் கூட்டிவந்து சுரண்டினால் அது ஆள் கடத்தல். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 143-ன்படி, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது ஒரு பதிலே அல்ல. குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. கடத்தப்பட்டவர்கள் ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு.

சான்றிதழ் என்ன செய்யும்?

சார் ஆட்சியர் அல்லது வருவாய் கோட்டாட்சியர் நேரில் விசாரித்து, கொத்தடிமைதான் என்று தெரிந்தால் சான்றிதழ் வழங்குவார். குடும்பத்துக்கு ஒன்று என்று விட்டுவிடாமல், வேலை செய்த ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

முதல் பலன், கடன் ஒழியும். கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கடனுக்காகப் பணம் வாங்கினால், வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான்.

இரண்டாவது, உடனடி உதவி. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மாவட்ட நிர்வாகம் ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை தரலாம். வழக்கு முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மறுவாழ்வுத் தொகை. வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பாலியல் சுரண்டலிலிருந்தோ கடத்தலிலிருந்தோ மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், திருநர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 3 லட்சம். இந்தத் தொகை பெரும்பாலும் வழக்கின் முடிவோடு சேர்ந்து போவதால் தாமதமாகலாம். "பணமே வரலையே, கேஸ் எதுக்கு?" என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. சாட்சி சொல்வது முக்கியம்.

வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஆள் கடத்தலால் பாதிக்கப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். எண் 15100.

உங்கள் போனால் என்ன செய்யலாம்?

1. சந்தேகம் வந்தால் நீங்களே உள்ளே போய் சண்டை போட வேண்டாம். விஷயம் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். சத்தமில்லாமல் லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பம், எந்த ஊர், யார் கூட்டிவந்தது என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள்.

2. உடனடி ஆபத்து என்றால் 112. குழந்தைகள் இருந்தால் 1098. பெண்களுக்கு 181. காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். அவசரம் என்றால் திங்கள் வரை காத்திருக்காதீர்கள்.

3. முகம் தெரிய வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டாலும் அது மேஸ்திரியின் போனுக்கும் போகும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர், குழந்தைகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமும்கூட.

4. மீட்கப்பட்ட பெண்ணுக்குத் தங்க இடமில்லை என்றால், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தைக் கேளுங்கள். சிகிச்சை, காவல் உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் இலவசம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும்.

5. சான்றிதழ் கிடைத்ததும் இருபக்கமும் படம் எடுத்து, அந்தக் குடும்பம் நம்பும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பெயர், வயது, ஊர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஒரு எழுத்துப் பிழை வங்கியில் மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

ஊருக்குத் திரும்பிய குடும்பம் உங்கள் தெருவிலோ பக்கத்துக் கிராமத்திலோ இருக்கலாம். பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சர்டிபிகேட் கொடுத்தாங்களா?" இல்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத உதவுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். அடுத்த முறை மேஸ்திரி வாசலுக்கு வரும்போது, அவர்கள் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.